மாமன் சட்டை

ஜீவனஹள்ளி, பெங்களூரு
8 ஜனவரி 2025

டாக்டர் ஜெயராஜ் அவர்கள்,
உறுப்பினர், பிறந்த குழந்தைகள் பரிசோதனை ஆலோசனைக் குழு.

மதிப்பிற்குரிய ஐயா,

பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து என்னென்ன கோளாறுகளுக்குப் பார்க்கலாம் என்று உங்கள் குழு ஒரு பட்டியல் தயாரிப்பதாகவும், பொதுமக்கள் தங்கள் கருத்தை எழுதலாம் என்றும் பேப்பரில் படித்தேன். நானும் பொதுமக்கள்தான். எழுதுகிறேன்.

வரைவுப் பட்டியலில் ஜி-சிக்ஸ்-பி-டி குறைபாடு இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், 'இப்போதைக்குச் சேர்க்கத் தேவையில்லை' என்று கடைசியில் தனியாக ஒரு வரியே இருக்கிறது.

என் மகன் சுஹாஸுக்கு அந்தக் குறை உண்டு. ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி அவனுக்குப் போதவில்லை. அவன் பிறந்தபோது அது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டார்கள். நன்றாக வளர்ந்த வேறு பிள்ளையின் பழைய துணியைத்தான் போடுவார்கள். அந்தத் தெம்பு இந்தப் பிள்ளைக்கும் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை. என் நாத்தனார் சரளா, தன் மகன் விக்கியின் குட்டிச் சட்டைகளை இதற்காகவே ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தார். யார்தான் போடுவதில்லை? அந்த உருண்டை இந்தக் குறை உள்ள குழந்தையின் ரத்தத்தையே உடைக்கும் என்று எங்களுக்குச் சொன்னது யார்? வீட்டுக்கு வந்த மறுநாள் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். மஞ்சள் மூளை வரை ஏறியது. ரத்தத்தையே மாற்றினார்கள். உயிர் தங்கியது, காது போனது.

இப்போது அவனுக்கு இரண்டு வயது. காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறோம். அதைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

பிறந்த அன்றே ஒருவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைத்தான் நீங்கள் தேவையில்லை என்கிறீர்கள்.

இப்படிக்கு,
மௌரீன் அசோகன்

(குழு விரும்பினால் நேரில் வந்து பேசுவேன். குழு என் வீட்டுக்கு வந்தாலும் சரி. உறுப்பினர் ஜெயராஜுக்கு வழி தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இரண்டு வருடமாக நான்தான் வரவிடவில்லை.)

—

ரிச்சர்ட்ஸ் டவுன்
15 ஜனவரி 2025

அன்புள்ள மௌரீனுக்கு அண்ணன் எழுதுவது.

நீ என்னை 'ஐயா' என்று எழுதியிருந்ததைப் பார்த்து உன் அண்ணி குளோரியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் போனில் என் அழைப்பு போகாது. அசோகன் போனில் பேசினால் பாவம், அவர் நடுவில் மாட்டிக்கொள்வார். அதனால் நானும் தபாலிலேயே வருகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டில் சங்கராந்திக்கு எள்ளு வெல்லம் கொடுத்தார்கள். எள்ளு வெல்லம் தின்று நல்ல பேச்சுப் பேசு என்பார்கள் இந்த ஊரில். தின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் சொல்லப்போவது உனக்கு நல்ல பேச்சாக இருக்குமா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைக் குழுவில் முழுக்கப் படித்தேன், அடைப்புக்குறிக்குள் இருந்ததைத் தவிர. சுஹாஸ் என் தங்கை மகன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியாகிவிட்டது. அதனால் இந்த ஒரு கோளாறில் மட்டும் எனக்கு ஓட்டு இல்லை. பேசலாம். சேர்க்க வேண்டாம் என்று பேசியவன் நான்தான், மௌரீன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு கோளாறையும் எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் கேட்பது இதுதான். வைத்தியம் இருக்கிறதா? அந்த வைத்தியம் குழந்தைக்கு நோய் முற்றுவதற்குள் போய்ச் சேருமா? தைராய்டு குறைவென்றால் தினம் ஒரு மாத்திரை, மூளை பிழைத்துவிடும். இன்னொன்றில் ஒரு வைட்டமின் மாத்திரையே போதும், வலிப்பும் செவிடும் வராது. பாலே ஆகாத பிள்ளைகள் உண்டு. பாலை நிறுத்தினால் பிழைப்பார்கள். இவற்றில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜி-சிக்ஸ் அப்படியில்லை. அந்தக் குறையோடு பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் கிழவராகிச் சாகிறார்கள். சரியாக விளக்கிச் சொல்ல ஆளில்லாத ஊரில், 'உன் பிள்ளைக்கு ரத்தத்தில் குறை' என்று ஆயிரக்கணக்கான தாய்களிடம் சொன்னால் என்ன ஆகும்? நல்ல பிள்ளையை நோயாளியாக்கி வீட்டுக்குள் பூட்டிவைப்பார்கள். பிறகு, ரத்தச் சொட்டு தோய்த்த அட்டை லேபுக்குப் போய் முடிவு திரும்பி வருவதற்குள் மஞ்சள் வர வேண்டிய நாட்களே போய்விடும். தாமதமாக வருகிற பதிலால் யாருக்கு லாபம்?

சுஹாஸுக்கு நடந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அதை நினைத்துக்கொண்டு பேசினால் நியாயம் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பேசுகிறேன்.

கருவி அரிசி டப்பாவில் விழுந்தால் உடனே எடுத்துத் துடைத்துவிடு. மாவு உள்ளே போனால் கெட்டுவிடும்.

ஜெயராஜ்

—

ஜீவனஹள்ளி
22 ஜனவரி 2025

அண்ணா,

தபால் எனக்குப் பிடித்துவிட்டது. நேரில் என்றால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் கடைசி வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நியாயம் சாய்ந்துவிடும் என்று பயமா உனக்கு? ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்த நியாயம் எங்கே போயிருந்தது? சுஹாஸ் மேல் சுற்றியிருந்த துணியை மோந்து பார்த்தாய். கஞ்சி ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்ற சரளாக்காவைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் கத்தினாய். "படிக்காத ஜனம்! பாச்சா உருண்டையில சுத்திப் புள்ளையக் கொன்னுட்டீங்களே!" நீ சொன்னது அதுதான். எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை.

நீ காரில் ஏறிப் போய்விட்டாய். இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. அன்றிலிருந்து சரளாக்கா சுஹாஸைத் தொடுவதில்லை. பக்கத்து வீடுதான். தினம் வருவார், குழம்பு கொண்டுவருவார், வாசலில் நின்றே அவனுக்குக் கையாட்டுவார். கையாட்டினால் போதும், இவன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வான். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பார், போலீஸைக் கண்டவர் மாதிரி. "மௌரீனு, இவனக் கொஞ்சம் எடும்மா, ஜல்தி எடும்மா" என்பார். நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "டாக்டரே சொல்லிட்டாரு இல்ல" என்பதுதான் பதில்.

அண்ணன் என்ற உரிமையில் என் மேல் கத்தியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். உன்னை மன்னிப்பது என் கையில் இல்லை, சரளாக்கா கையில் இருக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பதில் தாமதமாக வரும் என்கிறாய். பிறந்த அன்றே ரத்த குரூப் சொல்கிறார்களே, அதோடு இதையும் பார்க்க முடியாதா? தெரியாமல்தான் கேட்கிறேன். முடியாதென்றால் ஏன் முடியாது என்று எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. எனக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். பையன் என்றால் அவனுக்கும் இந்தக் குறை வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. அது என்னிடமிருந்து போகிறது. எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் உனக்கு? நீ என்றைக்காவது உனக்குப் பார்த்துக்கொண்டாயா?

மௌரீன்

—

ரிச்சர்ட்ஸ் டவுன்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மௌரீன்,

பிரசவச் செய்தியைக் குளோரியாவுக்குச் சத்தமாகப் படித்தேன். அவள் உடனே ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்கக் கிளம்பினாள். ஏப்ரல் மாத வெயிலில் ஸ்வெட்டரா என்று கேட்டதற்குத் திட்டு விழுந்தது.

பார்த்துக்கொண்டேன். எனக்கும் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மலேரியா வந்ததே, நினைவிருக்கிறதா? உனக்கு மிகச் சின்ன வயது. அதற்கு மாத்திரை சாப்பிட்டதும் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அப்பா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஊற்றினார். தானாக இறங்க வேண்டிய மஞ்சள் தானாக இறங்கியது. பேர் கீழாநெல்லிக்குப் போனது. அப்பா ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கே வந்துபோன ஒன்றை இத்தனை வருடம் டாக்டராக இருந்தும் யோசிக்கவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பார், இந்தக் குறையோடு ஐம்பதைத் தொடப்போகிறேன், என்ன ஆகிவிட்டது, இதைவிட நல்ல சாட்சி குழுவுக்கு வேண்டுமா என்று தோன்றியது. அதே கையோடு குளோரியாவிடம், "பீரோல பாச்சா உருண்டை இருந்தா எடுத்து வெளிய போட்டுடு" என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒடனே எடுக்கச் சொல்றீங்க. மத்தவங்களுக்கு மட்டும் தெரிய வேணாமா?"

குழுவில் எத்தனையோ ஆராய்ச்சிகளை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதையும் ஒரு தாளில் எழுதி அந்த ஃபைலில் வைத்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். முடியும். தொப்புள்கொடி ரத்தத்தில் அன்றைக்கே பார்த்துவிடலாம். லேப் உள்ள ஆஸ்பத்திரிகளில் முடியும். சின்ன ஆஸ்பத்திரிகளில் இப்போதைக்கு முடியாது. எல்லா இடத்திலும் முடியாததால் எங்கேயும் வேண்டாம் என்று நான் பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை.

சரளா வேலை செய்யும் துணிக்கடை சிவாஜிநகரில் எந்தப் பக்கம் என்று அசோகனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். நீ அவரைக் கோபித்துக்கொள்ளாதே. போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஜெயராஜ்

—

ஜீவனஹள்ளி
18 பிப்ரவரி 2025

அண்ணா,

நீ போன கதையை இந்தத் தெருவே சிரித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் உனக்கு எழுதுகிறேன், உன் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்ததோ!

சரளாக்கா சொன்னது: "டாக்டர் கடைக்குள்ள வந்தாரு. நான் பயந்துட்டேன், சுஹாஸுக்கு என்னவோ ஆயிடுச்சின்னு. ஓனரு 'என்ன சார் வேணும்'ன்னாரு. இவரு 'பாவாடைத் துணி'ன்றாரு. எத்தினி மீட்டருன்னா முழிக்கிறாரு. வாங்கிக்கினு போயிட்டாரு."

அந்தத் துணியைக் குளோரியா அண்ணி என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுபடி டீ நேரத்தில் வந்தாயாமே. தெருமுனையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "நான் சொன்னது தப்பு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்களுக்கு யாரும் சொல்லல, சொல்ல வேண்டியது எங்க வேல" என்றாயாம். அவர் க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அத அன்னிக்கி அத்தினி பேருக்கு முன்னாடி சொன்னீங்களே டாக்டர், இத மட்டும் ஏன் தனியா வந்து சொல்றீங்க?" என்று கேட்டாராம். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

நீ உடனே கடைக்குள் போய், ஓனர், வேலைக்காரர்கள், ப்ளவுஸ் துணி பார்க்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று அதையே திரும்பச் சொன்னாயாமே! பாதிப் பேருக்கு எதைப் பற்றி என்றே தெரியவில்லையாம். ஓர் அம்மா என்ன ஆச்சென்று கன்னடத்தில் "ஏனாயித்து, ஏனாயித்து" என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். இதைச் சொல்லும்போது சரளாக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். உன் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மிச்சம் இருக்கும், கவலைப்படாதே.

ஆனால் அவர் இன்னும் சுஹாஸைத் தூக்கவில்லை. "டாக்டர் மன்னிச்சிட்டாரு, கை மன்னிக்கல" என்கிறார். கைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இன்னொன்றும் சொல்லச் சொன்னார். "அந்த டெஸ்ட்டு எடுத்தா, தாய்ங்கள பயமுறுத்தாதீங்க. நம்ம ஜனம் பயந்தா ஆஸ்பத்திரி பக்கமே வராது. இத செய்யி, இத செய்யாதன்னு நேரா சொல்லிடுங்க." உன் குழு இதை ஒரு பொதுமக்கள் கருத்தாக எடுத்துக்கொள்ளட்டும்.

மௌரீன்

—

ரிச்சர்ட்ஸ் டவுன்
14 மார்ச் 2025

அன்புள்ள மௌரீன்,

பாவாடைத் துணி தலையணை உறையாகிவிட்டது. தினமும் அதன்மேல்தான் தலை வைத்துப் படுக்கிறேன், இதுதான் தண்டனையாம்.

கூட்டம் முடிந்தது. உனக்கு முழு வெற்றி என்று எழுத ஆசை. பாதிதான். முடிவை அன்றைக்கே சொல்லக்கூடிய சில பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும், பிள்ளை வீட்டுக்குப் போகும் முன்னால் ஜி-சிக்ஸ் பார்ப்பார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்கு யோசிப்பார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் பிள்ளைகள் இந்த வருடமும் தெரியாமலேதான் வீட்டுக்குப் போவார்கள். அது என்னை உறுத்துகிறது. தைராய்டும் வைட்டமின் கோளாறும் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டன. பாலே ஆகாத பிள்ளைகளுக்கான பரிசோதனையில் இன்னும் சண்டை நடக்கிறது.

எனக்கு ஓட்டு இல்லாததால் பேசினேன். முன்பு வேண்டாம் என்று பேசியவன் இப்போது வேண்டும் என்று பேசினால் கேட்பவர்களுக்குக் குழப்பம்தானே? அதனால் என் ரிப்போர்ட்டையே மேஜையில் வைத்தேன். மூத்த உறுப்பினர் சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சரி ஜெயராஜ், தைராய்டுக்கு மாத்திரை இருக்கு. இதுக்கு என்னய்யா ட்ரீட்மென்ட்டு?"

"ஒரு வார்த்தை சார்," என்றேன். "நேரத்துக்குச் சொன்னா அதுதான் ட்ரீட்மென்ட்டு."

அதை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் சொந்தமாகச் சொன்னது போல அவர் குறித்துக்கொண்டார். மன்னித்துவிடு.

தாய்மார்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன அட்டை அச்சடிக்க வேண்டும், தமிழ், கன்னடம், உருது மூன்றிலும். தமிழை நான் எழுதினால் மருந்துச் சீட்டு மாதிரி வருகிறது. சரளா எப்படிச் சொல்வாரோ அப்படி ஒரு முறை சொல்லச் சொல்லி எழுதி அனுப்புகிறாயா? நீ பிரசவத்துக்குப் போகும் ஆஸ்பத்திரி அந்தச் சிலவற்றில் ஒன்று என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

ஜெயராஜ்

—

ஜீவனஹள்ளி
21 மார்ச் 2025

அண்ணா,

சரளாக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ திருத்தினால் நான் உன்னைத் திருத்துவேன்.

"உங்க புள்ள நல்லா இருக்குது. பயப்படாதீங்க. பழைய துணி போடுங்க, ஆனா பாச்சா உருண்டை வெச்ச பொட்டியில இருந்து எடுத்துப் போடாதீங்க. அந்த உருண்டைய வீட்லயே வெக்காதீங்க. டாக்டரக் கேக்காம மருந்து எதும் குடுக்காதீங்க. கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சா நாளைக்குப் பாக்கலாம்னு குந்தியிருக்காதீங்க, அப்பவே ஓடியாங்க."

சொல்லி முடித்ததும் கேட்டார்: "இத படிச்சிட்டு ஒருத்தி உருண்டையத் தூக்கிப் போட்டான்னா, அந்தப் புள்ளைய நான் தொட்ட மாதிரி இல்ல?"

ஆமாம் என்றேன்.

மௌரீன்

—

ஆஸ்பத்திரியிலிருந்து
27 ஏப்ரல் 2025

அண்ணா,

பையன். நேற்று மாலை. இருவரும் நலம். உன் மூக்கு, பாவம்.

கொடி ரத்தத்தில் பார்த்தார்கள். அவனுக்கும் இருக்கிறது. நர்ஸ் வந்து சொன்னதும் முதலில் அவன் கண் மஞ்சளா என்றுதான் பார்த்தேன். அவள் நீட்டிய அட்டையில் முதல் வரி 'உங்க புள்ள நல்லா இருக்குது' என்று இருந்தது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியுமே. மிச்சத்தையும் அதே குரலில் படித்தேன். லேசாக மஞ்சள் இருக்கிறதாம். நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். பயமில்லை என்கிறார்கள், நானும் பயப்படவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம். அசோகன் மருந்து வாங்கப் போயிருந்தார். சுஹாஸ் என் கட்டிலில் ஏற முயன்று வழுக்கினான். நான் எழுந்திருக்க முடியாது. அறையில் இருந்தது சரளாக்கா மட்டும். அவன் விழுவதற்குள் பிடித்துவிட்டார். பிடித்தவர் விடவே இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அவன் தன் கருவியைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிடப் பார்த்தான். "எனக்குக் கேக்குதுடா ராஜா, எல்லாம் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. பிள்ளைக்கு முதல் துணி வேண்டும். விக்கியின் துணி வேண்டாம் என்று சரளாக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எங்கே தேடுவது என்று நான் கேட்டதற்கு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரெல்லாம் எதுக்குத் தேடணும்? இதே கொறையோட பொறந்து, கல்லு மாதிரி வளந்து நிக்கிறது யாரு? மாமன் சட்டையக் குடுக்கச் சொல்லு. கிழிச்சி நான் தெச்சிக்கிறேன்."

உன் நம்பரை இன்று காலை திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதி அசோகன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

மௌரீன்

—

ரிச்சர்ட்ஸ் டவுன்
27 ஏப்ரல் 2025

மௌரீன்,

அசோகன் கூடத்தில் உட்கார்ந்து மூன்றாவது காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். சேர்ந்தே கிளம்புகிறோம். இந்தக் காகிதத்தை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். நேரில் வாய் திறந்தால் பாவாடைத் துணி கதைதான் ஆகும், அதனால் எழுதிவிடுகிறேன்.

சட்டையைக் குளோரியா கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, பொத்தான்களை வெட்டிவிட்டாள். பீரோவிலிருந்து எடுத்ததில்லை, தினம் போட்டுத் துவைத்துக் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டை. காலர் நைந்திருக்கிறது. முதுகுப் பக்கம் மெத்தென்று இருக்கும், பிள்ளைக்கு அந்த இடம் வரட்டும் என்று சரளாவிடம் சொல்.

நேரத்துக்கு வந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று குழுவில் நான் வாதாடினேன். அது என்ன என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அவன் வீட்டுக்குப் போகும் முன்னால் நமக்குத் தெரிந்துவிட்டது. சுஹாஸ் விஷயத்தில் தெரியாமல் போனது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டையும் செய்துகொண்டு வருகிறேன்.

நான் நம்பிக்கைகளுக்கு ஆளில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் சட்டை பற்றி டாக்டராக எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். இதைப் போட்டுக்கொண்டு நடந்தவனுக்கு இதே குறை இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கும் ஆகாது.

அண்ணன்